விண்வெளி நிலையத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு

ராஜதுரையை முதலில் கேட்கத்தான் எனக்கு வாய்த்தது; பார்த்தது பிறகுதான். பட்டமளிப்பு விழா முடிந்து, எங்கள் வீட்டின் முதல் பட்டத்தைக் கசங்காமல் மடியில் வைத்துக்கொண்டு திருச்சியிலிருந்து பெரம்பலூர் பஸ்ஸில் வந்த நாள் அது. பின் சீட்டில் ஒருவர் போனைச் சத்தமாக வைத்திருந்தார்.

"வர்றாப்ல, வர்றாப்ல, அவசரமே கெடையாது, அசைஞ்சு அசைஞ்சு வர்றாப்ல! இன்னும் இருவது மீட்டருதான்! பொண்ணு வூட்டுக்காரங்க வாசலுக்கு வாங்க, ஆரத்தித் தட்டு எங்கப்பா?"

கபடியா கல்யாணமா என்று பிடிபடவில்லை. திரும்பிப் பார்த்தால், திரையில் கறுத்த வானம். அதில் வெள்ளை விண்கலம் ஒன்று, விண்வெளி நிலையத்தின் வாசலை நோக்கி எறும்பு ஊர்வதுபோல் நகர்ந்துகொண்டிருந்தது.

"யாருண்ணே இது?"

"விக்கிரமங்கலம் ராஜதுரை. பட்டம்லாம் வாங்கியிருக்கீங்க, இவரத் தெரியலியே?" என்று பஸ் பாதி சிரிக்கும்படி கேட்டார் அவர்.

அந்த மாதமே விக்கிரமங்கலத்துக்குப் போய் ஆளைப் பார்த்தாயிற்று. ஒல்லியான உடம்பு, சட்டைக் காலருக்குள் கைக்குட்டை, வாய் நிறையப் பனங்கற்கண்டு. அவ்வளவு பெரிய குரல் இந்த உடம்பில் எங்கே தங்கியிருக்கிறது என்றுதான் முதலில் தோன்றும்.

ராஜதுரைக்கு நிலம் கிடையாது. அவருடைய அப்பா பிறர் வயலில் உழைத்தவர். நிலக்காரர்கள் முன்னால் மெதுவாகப் பேசிப் பேசி, தன் வீட்டுக்குள்ளும் மெதுவாகவே பேசியவர். மகனுக்கு வாய்த்ததோ நேர்மாறான தொண்டை. பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, உள்ளூர்க் கருப்பண்ணனின் மைக் செட்டோடு ஒயர் இழுக்கப் போனார். திருமழபாடியில் நந்தி கல்யாணத் திருவிழாக் கூட்டம். ஒரு குழந்தை தொலைந்துபோயிருந்தது. அறிவிக்க வேண்டிய ஆள் சாப்பிடப் போயிருந்ததால் மைக் இவர் கைக்கு வந்தது.

"மஞ்சக் கவுனு போட்ட பாப்பா ஒண்ணு மேடைகிட்ட இருக்குது. பேரு கேட்டா அம்மாங்குது. அம்மா பேரு கேட்டாலும் அம்மாங்குது. அந்த அம்மா யாரா இருந்தாலும் ஓடி வாங்க, பாப்பா எங்க மைக்கத் திங்குது!"

கூட்டம் சிரித்தது. கொள்ளிடக்கரை வரை கேட்டதாம். குழந்தையின் அம்மா வந்துவிட்டாள். வாங்கிய மைக்கை அதற்குப் பிறகு ராஜதுரை திருப்பிக் கொடுக்கவே இல்லை.

கபடிப் போட்டி, காதுகுத்து, தேரோட்டம், தேர்தல் ஆட்டோ என்று அரியலூர் முதல் பெரம்பலூர் வரை அந்தக் குரல் போகாத ஊர் இல்லை. தெருவில் அவரை 'டேய்' என்று கூப்பிடுகிற வீட்டுக்காரர்கள்கூட, "அந்தச் செவப்பு வண்டிய ஓரம் கட்டுங்க, தேரு திரும்பணும்" என்று மைக்கில் சொன்னால் இறங்கி ஓரம் கட்டினார்கள். அவர் சொல்லி நாலு பேர் கேட்பது அந்தக் குரலால்தான். இது அவருக்கும் தெரியும், அவர் மனைவி ஜோதிக்கும் தெரியும்.

ஊரடங்கு வந்தபோது திருவிழாவும் இல்லை, மைக்கும் இல்லை. வீட்டில் போனைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் விண்கலம் ஒன்று நிலையத்தோடு இணைவதை நேரலையில் பார்த்தார். அதுவரை இப்படி ஒரு சமாச்சாரம் இருப்பதே தெரியாது. வாய் பிளந்து பார்த்தவர், முடிந்ததும் எரிச்சலோடு எழுந்தார்.

"எவ்ளோ பெரிய விசேஷம்! ஒரு மனுசன் வாய விட்டுப் பேச மாட்டேங்குறானே."

"அது அவங்க ஸ்டைலுப்பா," என்றாள் மகள் கவியா. அப்போது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன ஸ்டைலு? சாவு வூட்டுல பேசுற மாதிரி."

அடுத்த கலம் போன நாளில் கவியா இங்கிலீஷைப் படித்துச் சொல்ல, ராஜதுரை போனைச் சுவரில் சாய்த்து வைத்துத் தமிழில் பேசினார். கவியா ஒரு சேனல் தொடங்கி அதை நேரலையில் விட்டாள். கபடிக்குப் பேசுகிற மாதிரிதான் ஆரம்பித்தார். ஆனால் கலம் வருகிற நிதானத்துக்குக் கபடி ஒத்துவரவில்லை. நின்று, அனுமதி கேட்டு, கொஞ்சம் நகர்ந்து, மறுபடி நின்று வந்தது. இது மாப்பிள்ளை அழைப்பு அல்லவா என்று அவருக்குச் சட்டென்று பிடித்துக்கொண்டது.

"இந்த நெலையம் ஒரே நாள்ல கட்டுன வூடு கெடையாதுங்க," என்பார். "பங்காளிங்க ஆளுக்கொரு ரூமா மேல கொண்டுபோயி ஒண்ணோட ஒண்ணு ஒட்டுனது. இது ரஷ்யாக்காரன் ரூமு, இது அமெரிக்காக்காரன் ரூமு, அந்தாண்ட ஜப்பான்காரன் ரூமு. இதெல்லாம் வூட்டோட சேந்தது, எங்கயும் போவாது. வாசலுக்கு வாசல் ஒட்டிக்கிட்டு நிக்குது பாருங்க, அதெல்லாம் விருந்தாளி வண்டி. வந்துச்சு, இருந்துச்சு, ஒருநாள் கெளம்பிடும்."

தூரத்தில் கலம் நிறுத்தப்பட்டால், மாப்பிள்ளையைப் பிள்ளையார் கோயிலில் உட்கார வைத்திருக்கிறார்கள். முதல் தொடுதல் வெற்றிலை பாக்கு மாற்றுவது. கொக்கிகள் ஒவ்வொன்றாக இறுகும்போது குரல் படிப்படியாக ஏறும். கடைசிக் கொக்கி விழுந்ததும், "முடிச்சு விழுந்துடுச்சு! கெட்டி மேளம்! கெட்டி மேளம்!" என்று அவர் எழுப்புகிற சத்தத்தில் பக்கத்து வீட்டு ஆடு கத்தும். அதுவும் வீடியோவில் இருக்கிறது.

சரக்குக் கலத்தில் குப்பையை ஏற்றி அனுப்புவார்கள், அது வளிமண்டலத்தில் எரிந்துபோகும் என்று ஒருமுறை சொன்னபோது, "எங்க மாமா கததாண்ணே இது, சீர் கொண்டாந்தாரு, வசவ ஏத்திக்கிட்டுப் போனாரு" என்று யாரோ கீழே எழுதினார். இப்படித்தான் சேனல் வளர்ந்தது. பெரிய வருமானம் ஒன்றும் இல்லை. ஆனால் திருவிழாவுக்கு மைக் பிடிக்கப் போன இடத்தில் பிள்ளைகள், "கெட்டி மேளம் அண்ணன்" என்று சுற்றிக்கொண்டார்கள்.

மைக் பிடிப்பவர்களுக்குத் தொண்டை கட்டுவது புதிதல்ல. தை பிறந்தால் தொடங்கும் திருவிழாக்கள் வைகாசியில்தான் ஓயும். அதற்குள் குரல் கரகரத்து, கிழிந்த துணிபோல ஆகிவிடும். இதற்குத் 'திருவிழாத் தொண்டை' என்று அவர்களுக்குள் பேர். சுக்கு, மிளகு, சித்தரத்தை, பனங்கற்கண்டு. ஆடி பிறந்தால் குரல் தானாகத் திரும்பிவிடும். இருபது வருஷத்துக்கு மேலாக ராஜதுரைக்கு அப்படித்தான் திரும்பியது.

ஒரு வருஷம் ஆடியில் திரும்பவில்லை. ஐப்பசியிலும் திரும்பவில்லை.

"இந்தத் தடவ சீசன் கொஞ்சம் கடுசு," என்றார் ராஜதுரை.

"பட்டணத்துல ஒரு டாக்டரப் பாத்தா என்ன?" என்றாள் ஜோதி.

"தொண்ட கட்டுனதுக்கு டாக்டரா? கருப்பண்ணன் கேட்டாருன்னா மைக்க வேற ஆளுகிட்ட குடுத்துடுவாரு."

தை வந்தது, அடுத்த திருவிழாக்களும் வந்தன. கரகரத்த குரலிலேயே பேசினார். அதற்கும் விசிலடித்தார்கள். அந்த வருஷம் மே மாதம் காறித் துப்பியதில் ரத்தம் வந்தபோதுதான், ஜோதி அவரைத் திருச்சிக்கு ஓர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்த டாக்டரம்மா, "எவ்வளவு நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"சீசன்ல இருந்துங்க."

"எந்த சீசன்?"

ராஜதுரை ஜோதியைப் பார்த்தார்.

"போன சீசனுங்க," என்றாள் ஜோதி, தலையைக் குனிந்தபடி.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. குரல்நாணில் ஒரு வளர்ச்சி இருக்கிறது. சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். கெட்டதாக இருந்தால், பரவுவதற்குள் கதிர் வைத்தியம் கொடுத்துக் குரலைக் காப்பாற்றப் பார்க்கலாம். பரவிவிட்டால் குரல்வளையையே எடுக்க வேண்டி வரும். "அடுத்த வாரமே வந்து படுத்துடுங்க. அதுவரைக்கும் சத்தமாப் பேசாதீங்க."

"சதை எடுத்தா எப்பங்க பேசலாம்?"

"கொஞ்ச நாள் பேசக் கூடாது."

வெளியே வந்து பஸ் நிலையத்தில் நின்றபோது ராஜதுரை வாயைத் திறந்தார். "மாசக் கடைசில நம்ம நாட்டு ஆளு ஒருத்தரு அந்த நெலையத்துக்குப் போறாரு ஜோதி."

"போவட்டும்."

"தர்மன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

அதுதான் விஷயம். தர்மன், விக்கிரமங்கலத்தில் நிலபுலன் உள்ள குடும்பத்துக்காரர், கல்யாண மண்டபத்துக்குச் சொந்தக்காரர். "நம்மூரு ஆளு பேசுறத வெளியூருக்காரன்லாம் போன்ல பாக்குறான். மண்டபத்துல பெரிய திரை கட்டிப் பேசு ராஜதுர, ஊரு கேக்கட்டும்" என்று அவரே சொல்லியிருந்தார். அந்த மண்டபத்தில் ராஜதுரை எத்தனையோ கல்யாணங்களுக்கு மைக் கட்டியிருக்கிறார். அவர் பேசுவதைக் கேட்பதற்கென்றே ஊர் வந்து நாற்காலியில் உட்காரப்போவது இதுதான் முதல் தடவை.

"ஒரு வாரம் தள்ளிப் படுத்தா என்ன ஆயிடப்போவுது?" என்றார்.

ஜோதி வந்து நின்ற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து தேதியை மாற்றிக் கேட்டது கவியாதான்.

மாசக் கடைசியில் கலம் போகவில்லை. ஜூனுக்குத் தள்ளி வைத்தார்கள். பிறகு காற்று சரியில்லை என்றார்கள். பிறகு ராக்கெட்டில் கசிவு என்றார்கள். ஒவ்வொரு தடவை தேதி தள்ளிப்போனபோதும் ராஜதுரை ஆஸ்பத்திரித் தேதியையும் தள்ளினார். நடுவில் கருப்பண்ணன் வந்து, "பேசாம போயி ஒடம்பப் பாருப்பா, மைக்கு எங்க போவுது?" என்றார். ராஜதுரை சுக்கு வெந்நீரைக் குடித்துக்கொண்டே கையை ஆட்டினார்.

மறுபடியும் ஒரு தள்ளிவைப்பு. இந்தத் தடவை கோளாறு நிலையத்திலேயே இருந்தது.

"பின்னாடி இருக்கிற பழைய ரஷ்ய ரூமுல காத்து கசியுதாம்," என்று கிசுகிசுப்பாகச் சொன்னார் ராஜதுரை. அதற்குள் கிசுகிசுப்புதான் மிஞ்சியிருந்தது. "ரொம்ப நாளாவே இருக்கிற ஓட்டதான். அத அடைச்சாங்களான்னு பாத்துட்டுத்தான் விருந்தாளிய விடுவாங்களாம்."

"அவனுங்களுக்கு இருக்கிற புத்தி உனக்கு இருக்கா?" என்றாள் ஜோதி. கையிலிருந்த கரண்டியைத் தரையில் போட்டாள். "ஓட்ட இருக்குன்னா நிறுத்துறான். பாக்குறான். நீ என்ன பண்ற? கற்கண்டு போட்டு அடைக்கிற!"

அன்று அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. ஆனாலும் தேதியை மாற்றத்தான் செய்தார்கள். இவ்வளவு தூரம் தள்ளியாயிற்று, இன்னும் சில நாள்தானே என்று கவியாவுக்கேகூடத் தோன்றிவிட்டது.

ஜூன் மாதக் கடைசியில் கலம் கிளம்பியது. மறுநாள் சாயங்காலம் இணைகிறது. தர்மனின் மண்டபத்தில் கருப்பண்ணன் திரை கட்டினார், ஜன்னல்களைச் சாக்குப் போட்டு மூடினார். பள்ளிக்கூடப் பிள்ளைகள், நூறு நாள் வேலை முடிந்து வந்த பெண்கள், முன்வரிசையில் வெள்ளை வேட்டிகள். மணமேடை இருக்கும் இடத்தில் ஒரு நாற்காலி, ஒரு மைக், ராஜதுரை.

காலை முதல் ஒரு வார்த்தை பேசாமல் சேர்த்து வைத்திருந்தார். முதல் வணக்கம் நன்றாகவே வந்தது. கரகரப்பு இருந்தாலும் கனம் இருந்தது. பங்காளிகளின் அறைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். எந்தெந்த வாசலில் எந்த விருந்தாளி நிற்கிறார் என்று சொன்னார்.

"ஹார்மனின்னு ஒரு ரூமு. அதுக்கு மேப்பக்கம் ஒரு வாசலு. அந்த வாசலத்தான் நம்ம ஆளு வர்ற வண்டிக்கு ஒழிச்சு வச்சிருக்காங்க. மாப்ள இப்ப பிள்ளையார் கோயில்ல நிக்கிறாரு. கூப்புட்டாதான் வருவாரு, மானஸ்தரு!"

மண்டபம் குலுங்கியது. தர்மன் தொடையில் தட்டிச் சிரித்தார்.

கலம் நெருங்கியது. ராஜதுரை குரலை ஏற்ற வேண்டிய இடம் வந்தது. ஏற்றினார். ஏறவில்லை. காற்று மட்டும் போயிற்று. இருமினார், வெந்நீரைக் குடித்தார், மறுபடி ஏற்றினார். "வெத்தல..." என்றது குரல், அங்கேயே அறுந்தது. திரையில் கலம் வாசலைத் தொட்டுவிட்டது. கொக்கிகள் இறுகப்போகின்றன. அவர் மைக்கை உதட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டு "கெட்டி... கெட்டி..." என்று காற்றாக ஊதினார். நெற்றி நரம்பு புடைத்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அண்ணனுக்குத் தொண்ட அடைச்சிடுச்சுடா," என்றான் பின்னால் ஒருவன். "நம்ம ஆளு நெலையத்தத் தொட்டுட்டாருன்னு சந்தோசத்துல பேச்சு வரல பாரு!"

அவ்வளவுதான். மண்டபம் முழுக்க எழுந்து கைதட்டியது. "கெட்டி மேளம்! கெட்டி மேளம்!" என்று பிள்ளைகள் அவருக்காகக் கத்தினார்கள். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தர்மன் மேடைக்கு ஏறி வந்து துண்டைப் போர்த்தி, "அழுவாத ராஜதுர, நாட்டுக்கே பெரும" என்றார். ராஜதுரை தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். "புரியுதுப்பா, புரியுது" என்று தர்மன் தோளில் தட்டிக்கொடுத்தார்.

மண்டபத்தில் கைதட்டாமல் இருந்தவர்கள் இரண்டு பேர். ஜோதி ஒன்று, கவியா ஒன்று.

அந்த வீடியோதான் அவருடைய சேனலிலேயே அதிகம் பேர் பார்த்தது. உணர்ச்சியில் குரல் அடைத்த தமிழன் என்று பலர் அதை வெட்டிப் பகிர்ந்தார்கள். லட்சக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்த அந்த வாரத்தில் ராஜதுரை திருச்சியில் படுத்திருந்தார். பரிசோதனை முடிவு வந்தது, கெட்டதுதான். வளர்ச்சி இரண்டு பக்கமும் ஏறி, குருத்தெலும்பையும் பிடித்திருந்தது. இனி கதிர் வைத்தியத்தால் குரலைக் காப்பாற்ற முடியாது, குரல்வளையை எடுத்தால்தான் உயிர் என்றார்கள்.

"அந்த ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தா?" என்று ஜோதி கேட்டாள்.

"அந்த ஒரு மாசத்துல என்ன ஆச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா," என்றார் டாக்டரம்மா. "ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா, குரலக் காப்பாத்தலாம்னு சொல்லியிருப்பேன்."

அறுவைக்கு முந்தின நாள் கவியா போனை எடுத்துக்கொண்டு வந்து, "ஏதாச்சும் பேசுப்பா, பதிஞ்சு வச்சிக்கிறேன்" என்றாள். அவர் மறுத்துவிட்டார். கடைசியாக அவர் வாயிலிருந்து வந்தது, மறுநாள் காலை ஜோதியிடம், "அந்த ஜன்னலச் சாத்து, வெயிலடிக்குது" என்று காற்றாகச் சொன்னதுதான். அவளுக்கு முதலில் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்ல வைத்தாள். அதை நினைத்துத்தான் இன்றைக்கும் அழுகிறாள்.

இப்போது கழுத்தில் ஒரு துளை வழியாக மூச்சு விடுகிறார். பேசுவதற்கு வால்வு ஒன்று பொருத்திப் பார்த்தார்கள். சீழ் பிடித்ததால் எடுத்துவிட்டார்கள். தாடைக்கடியில் வைத்துப் பேசுகிற கருவி கொடுத்தார்கள். அதில் ஜோதியைக் கூப்பிட்டபோது பக்கத்து வீட்டுக் குழந்தை பயந்து அழுதது. மறுபடி அதை எடுக்கவில்லை. பழைய வீடியோக்களைக் கொடுத்து, அப்பாவின் குரலைக் கம்ப்யூட்டரில் உண்டாக்கிக் காட்டினாள் கவியா. குரல் அச்சாக அவருடையதுதான். ஆனால் அது 'வூடு' என்று சொல்லவில்லை. சுத்தமாக, 'வீடு' என்றது. ராஜதுரை பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டார்.

சிமெண்ட் லாரி ஓடும் இடங்களில் வேலை கேட்டார்கள். கழுத்துத் துளைக்குள் தூசி போகக்கூடாது என்று டாக்டரம்மா மறுத்தார். கடையில் நிற்கலாம் என்றால், வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். தர்மன் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து பார்த்தார். பதில் வராத மனிதரிடம் என்ன பேசுவது என்று தெரியாமல், பெருமை என்ற வார்த்தையையே திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு எழுந்து போனார். அப்புறம் வரவில்லை.

அந்த வீடியோவுக்குக் கீழே, "அண்ணே, அடுத்த லைவ் எப்போ?" என்று இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கவியா பதில் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

ராஜதுரை இப்போது சிறுவாச்சூரில் கோயிலுக்கு வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துக்கொள்ளும் ஓர் இடத்தில் டோக்கன் கொடுக்கிறார். கோயில் நடை திறக்கும் திங்கள், வெள்ளியில்தான் வேலை. மற்ற நாட்களில் விக்கிரமங்கலத்தில் வீட்டில் இருக்கிறார். கருப்பண்ணனின் மைக் செட்டுக்கு உடையார்பாளையத்திலிருந்து வேறு ஆள் வருகிறார்.